பெல்ட் அறுந்த கிரைண்டரும் ஐந்து தட்டும்: மதுரையில் ஒரு வீட்டின் சாப்பாட்டுக் கணக்கு

எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் கேட்பவர்கள் காரணம் சொல்லித்தான் கேட்பார்கள். பள்ளிக் கட்டணம், காதுகுத்து, தையல் மெஷின், மாமனாருக்குக் கண் ஆபரேஷன் என்று ஏதாவது இருக்கும். ஒரு வீட்டிலிருந்து மட்டும் மாதம் தவறாமல் 22, 23 தேதிவாக்கில் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ கேட்டு வரும். காரணம், வீட்டுச் செலவு. அடுத்த மாதம் ஒழுங்காகத் திருப்பிக் கட்டிவிடுவார்கள். அந்த மாதக் கடைசியில் மறுபடி அதே தொகை.

கடன்தான் திரும்பி வருகிறதே என்று குழுவில் யாரும் இதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆனால், சம்பாதிக்கிற கை இரண்டு இருக்கிற வீட்டில், குடிகாரர் யாரும் இல்லாத வீட்டில், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் பணம் தீர்கிறது என்றால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அதைத் தேடிப் பார்த்ததுதான் இந்த ஆய்வு. குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள், அதனால் மருமகள், மாமியார் என்றே குறிப்பிடுகிறேன்.

வீடும் வருமானமும்

மதுரை அண்ணா நகரை ஒட்டிய ஒரு தெரு. ஐந்து பேர். கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். சனிக்கிழமை சம்பளம், வாரத்துக்கு 4,500 ரூபாய் அளவில் வரும். மருமகள் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார், புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கிறார். அதில் மூவாயிரம், நல்ல மாதத்தில் அதற்கு மேலும். 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் 15ஆம் தேதிவாக்கில் கணக்கில் ஏறும். மாமியாருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு, இருவரும் மாநகராட்சிப் பள்ளி.

எல்லாம் சேர்த்தால் மாதம் 22,500 ரூபாய் போல ஆகிறது. வாடகையும் கரண்ட் பில்லும் 6,500. சாப்பாட்டுக்கு, கேஸ் சிலிண்டரையும் சேர்த்து, 11,000 வரை போனது. அதாவது ஏறக்குறைய பாதி. 2022–23 தேசிய நுகர்வுச் செலவு ஆய்வின்படி இந்திய நகரக் குடும்பங்கள் செலவழிப்பதில் சராசரியாக 39 சதவீதம்தான் உணவுக்குப் போகிறது. வருமானம் குறையக் குறைய இந்தப் பங்கு ஏறும் என்பது எங்கும் உள்ள நடைமுறை. ஆகவே பாதி என்பது அதிர்ச்சி தரும் அளவில்லை. ஆனால் இந்த வீட்டில் பதினோராயிரம் செலவழித்தும் கடைசி வாரத்தில் அடுப்பில் ஏற்ற ஒன்றும் இருப்பதில்லை. அதுதான் கேள்வி.

நோட்டில் எழுதியது

மகள்தான் எழுதினாள். போன வருடக் கட்டுரை நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் தினமும் ராத்திரி, அன்றைக்கு வாங்கியது எல்லாவற்றையும் குறித்தாள். என்ன, எவ்வளவு, எந்தக் கடை, யார் வாங்கினார்கள் என்று நான்கு கட்டம். பெரியவர்கள் எழுதியிருந்தால் சில வரிகள் விட்டுப்போயிருக்கும். அவள் அப்பாவின் டீ, வடைச் செலவைக்கூட விடவில்லை.

நோட்டைப் பார்த்ததும் முதலில் கண்ணில் பட்டது மாவு. கிலோ 45 ரூபாய் இட்லி மாவு பாக்கெட், வாரத்துக்கு ஐந்து. மாதத்தில் ஆயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. ஐந்து பேர் வீட்டில் ராத்திரிக்குத் தோசை என்பது ஆடம்பரம் ஒன்றும் இல்லை. வேறு எதைச் செய்தாலும் குழம்பு, வெஞ்சனம் என்று கூட இரண்டு வேலை. தையல் மெஷினிலிருந்து எட்டு மணிக்கு எழுந்திருக்கிற பெண்ணுக்கு மாவு இருந்தால்தான் அடுப்படி சீக்கிரம் முடியும். அது சரி. வீட்டில் ஏன் அரைப்பதில்லை?

"கிரைண்டர் ஓடலக்கா. பரண்ல கெடக்கு" என்றார் மருமகள்.

2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியதே, அந்தத் திட்டத்தில் மாமியார் பேருக்கு வந்த கிரைண்டர் அது. பெல்ட் அறுந்து இரண்டு வருடத்துக்கு மேலாகிவிட்டது. ரிப்பேர் கடைக்குத் தூக்கிப்போக ஆள் வேண்டும். கணவருக்கு ஞாயிற்றுக்கிழமை தவிர ஓய்வில்லை, கடை ஞாயிறு லீவு. அப்படியே பரணுக்குப் போய்விட்டது.

இதோடு முடிந்திருந்தால் வெறும் மாவுச் செலவுதான். ஆனால் அந்த அறுந்த பெல்ட் வேறொன்றையும் இழுத்துவிட்டிருந்தது. இந்தக் குடும்பத்தின் அட்டைக்கு ரேஷனில் மாதம் 20 கிலோ அரிசி இலவசமாக வருகிறது. தமிழ்நாட்டில் 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்குக் காசில்லை. முன்பெல்லாம் அந்தப் புழுங்கலரிசியைத்தான் மாவுக்கு ஊறப்போடுவார்கள். இட்லி நன்றாகவே வரும். மதுரையில் பல வீடுகளில் ரேஷன் அரிசி இட்லிதான். கிரைண்டர் நின்றதும் அந்த அரிசிக்கு வேலை இல்லாமல் போயிற்று. சோற்றுக்குக் கடை பொன்னி, 25 கிலோ மூட்டை, 1,450 ரூபாய். ரேஷன் அரிசி டின்னில் கிடந்து வண்டு விழுந்து, கடைசியில் மாடு வைத்திருக்கும் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

வேண்டாத அரிசியை மாமியார் சும்மா கொடுத்துவிடவில்லை. அவருக்கு அதில் ஒரு பயமும் இருந்தது. முறத்தில் போட்டுப் புடைக்கும்போது சில மணிகள் நிறம் மாறி, கொஞ்சம் பளபளப்பாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரி இருக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி கலக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவை பிளாஸ்டிக் அல்ல, செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்தில் பிழிந்து எடுப்பது. 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ என்ற அளவில் கலக்கிறார்கள். தலசீமியா போன்ற ரத்தக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் பொறுக்கி எறிய வேண்டியதில்லை. இந்த வீட்டில் அந்த மணிகள்தான் ரொம்பவும் தேவையாக இருந்தன என்பது எனக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

நோட்டில் எழுதாதது

நோட்டை வைத்துப் பார்த்தால் மாதத்தின் முதல் வாரத்துக்கும் கடைசி வாரத்துக்கும் சாப்பாட்டுச் செலவில் பெரிய வித்தியாசம் தெரிந்தது. கடைசி வாரத்தில் காய் குறைகிறது, பால் குறைகிறது, முட்டை நின்றுவிடுகிறது. ஆனால் பிள்ளைகளிடம் கேட்டால் அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. கணவரும், "எனக்கு எல்லா நாளும் ஒரே மாதிரிதானே இருக்கு?" என்றார். வாங்குவது குறைந்தும் மூன்று பேருக்குக் குறையவில்லை என்றால் மிச்ச இரண்டு பேரிடம்தான் குறைந்திருக்க வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே இருந்து பார்த்தேன். பிள்ளைகள் முதலில். அவர்கள் எழுந்ததும் கணவர். அவருக்குத் தோசை ஊற்றிக்கொண்டே மாமியார், "எனக்கு ராத்திரியில பசிக்கிறதே இல்ல தாயி" என்று ஒரு டம்ளர் டீயோடு நிறுத்திக்கொண்டார். மருமகள் கடைசியாகச் சட்டியைச் சுரண்டி ஊற்றியதில் ஒன்றரைத் தோசை வந்தது. தொட்டுக்கொள்ளச் சட்னி தீர்ந்திருந்தது. பொடியும் இல்லை. மறுநாள் காலை, மிச்சமிருந்த சோறு கணவருக்கும், இட்லி பிள்ளைகளுக்கும் போக, பத்தரை மணிக்குத் தையலுக்கு நடுவில் மருமகளுக்கு ஒரு டீயும் ரெண்டு பிஸ்கட்டும்தான்.

அவருக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9க்குப் பக்கத்தில் இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது. இது இவர் ஒருவர் பிரச்சினை அல்ல. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நல்ல ரேஷன், நல்ல சத்துணவு, நல்ல மருத்துவமனை உள்ள மாநிலத்தில் இது.

இதை வைத்து நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த வீட்டில் ஏற்கெனவே சிக்கனம் நடந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு பெண்களின் தட்டிலிருந்து எடுத்து மாதத்தை ஓட்டினார்கள். அதை வீட்டில் யாரும் சிக்கனம் என்று சொல்லவில்லை, ஏனென்றால் அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. "சிக்கனமான மருமக" என்று தெருவில் பேர் வாங்குகிற பெண்கள் பலர் இப்படித்தான் அந்தப் பேரை வாங்குகிறார்கள். இதைச் சிக்கனம் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியாது. எனவே என்ன மாற்றம் செய்தாலும் அதற்கு முன் ஒரு நிபந்தனை வைத்தோம். ராத்திரியில் ஐந்து தட்டையும் ஒரே நேரத்தில் வைத்துப் பரிமாற வேண்டும். எல்லோருக்கும் போட்ட பிறகு மிஞ்சுவதுதான் மிச்சம்.

மாமியார்தான் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ஆம்பளையும் பிள்ளைகளும் திங்கிறதுக்கு முன்னாடி பொம்பளை தட்டு வைக்கிறதா?" என்றார். பேத்திதான் அவரை வழிக்குக் கொண்டுவந்தாள். ஐந்து தட்டையும் அவளே வரிசையாக அடுக்கி, அப்பத்தா தட்டில் போட்டுவிட்டுத்தான் தன் தட்டில் போடுவேன் என்று உட்கார்ந்துவிட்டாள். கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டில் ராத்திரி இப்படி நடந்துகொண்டிருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிகிறது என்பது முகத்தில் தெரிந்தது.

இதில் எதிர்பாராத இன்னொரு பலனும் கிடைத்தது. ஐந்து தட்டிலும் ஒன்றாகப் போடும்போதுதான் எவ்வளவு சமைக்க வேண்டும் என்ற உண்மையான அளவு தெரிந்தது. மதியச் சோறு ஒரு டம்ளர் அரிசி கூடுதலாக வெந்துகொண்டிருந்தது, ராத்திரிக்குத்தான் பற்றாக்குறை.

அடுத்த வேளையை நினைத்து ஏற்றிய அடுப்பு

கிரைண்டருக்கு வருவோம். எங்கள் குழுவிலேயே ஒருவரின் மகன் வண்டியில் எடுத்துப்போய்ச் சரிசெய்து வந்தார். பெல்ட்டும் கூலியும் 350 ரூபாய். அதன் பிறகு வாரத்தில் இரண்டு முறை அரைக்கிறார்கள். நாலு பங்கு ரேஷன் புழுங்கலரிசி, ஒரு பங்கு தோல் நீக்காத கறுப்பு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். உளுந்தைத் தனியாக அரைத்துப் பந்து மாதிரி எழும்பியதும் எடுத்துவிட வேண்டும். ரேஷன் அரிசி கொஞ்சம் அதிகத் தண்ணீர் இழுக்கும், ஊறவும் கூட ஒரு மணி நேரம் ஆகும். தோலோடு அரைப்பதால் மாவு சாம்பல் நிறமாக இருக்கும். பையன் முதல் நாள் முகம் சுளித்தான், பிறகு கேட்கவில்லை.

அரைத்த மறுநாள் காலை இட்லி. அன்று ராத்திரியும் மறுநாளும் தோசை. புளிப்பு ஏறிய கடைசி மாவில் சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் வதக்கிப் போட்டுக் குழிப்பணியாரம், இல்லாவிட்டால் கேழ்வரகு மாவைக் கலந்து ஊத்தப்பம். காலையில் மிஞ்சிய இட்லியைச் சாயங்காலம் உதிர்த்துத் தாளித்தால் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் போதும். கடையில் வாங்கும் பஜ்ஜிச் செலவு அதில் கொஞ்சம் அடங்கியது. மாதத்துக்கு 8 கிலோ ரேஷன் அரிசியும் 2 கிலோ உளுந்தும் ஆகின்றன. உளுந்துக்கு 280 போக, மாவில் மட்டும் 700 ரூபாய் நின்றது. மிச்ச ரேஷன் அரிசியில் பெரும்பகுதி சோற்றுக்கும் போவதால் 25 கிலோ பொன்னி மூட்டை இப்போது ஒன்றரை மாதம் வருகிறது.

ஆனால் இந்த வீட்டில் உண்மையான கைத்திறன் மாமியாரிடம் இருந்தது. இத்தனை நாள் அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். மருமகள் குழம்பு என்றால் ஒரு வேளைக்கு ஒன்று வைப்பார், தேங்காய் அரைத்து ஊற்றுவார். தேங்காய் ஊற்றிய குழம்பு ராத்திரிக்குள் ஊசிப்போகும். மாமியார் சொன்ன வழி வேறு. புளிக்குழம்பைத் தேங்காய் இல்லாமல் இரண்டு நாளைக்குச் சேர்த்து மண்சட்டியில் கூட்டிவிடுவது. முதல் நாள் அதில் கத்திரிக்காய். அன்றைக்கு வேண்டியதைத் தனியாக எடுத்து அதற்கு மட்டும் தேங்காய் அரைத்து விடலாம். மிச்சத்தை ராத்திரி ஒரு கொதி விட்டு மூடிவைத்தால், மறுநாள் அதிலேயே கருவாடோ அவித்த முட்டையோ போட்டு வேறு குழம்பாகிவிடும். ஒரே புளி, ஒரே மசாலா, ஒரே தடவை எண்ணெய்.

மூன்றாம் நாள் அடியில் மிஞ்சியதைச் சுண்டவைக்கிறார். அதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சட்டியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய், தட்டிப்போட்ட சின்ன வெங்காயம், ஒரு கொத்துக் கருவேப்பிலை. அதன்மேல் பழைய குழம்பு, நேற்றைய அவரைக்காய்ப் பொரியலில் ஒரு கை, மிஞ்சிய கூட்டு இருந்தால் அதுவும். தீயைச் சிம்மில் வைத்து, அகப்பையால் அடியோடு திருப்பித் திருப்பி விடுகிறார். முதலில் தளதளவென்று கொதிக்கிறது, பிறகு சத்தம் குறைந்து ஓரத்தில் எண்ணெய் கசிகிறது, நிறம் கறுத்து வருகிறது. "எண்ணெ தனியா வந்து நின்னா எறக்கிரு ஆத்தா, அதுக்கு மேல விட்டா கசந்துரும்" என்று மருமகளிடம் சொல்கிறார். ஒரு சின்னக் கிண்ணம் அளவுதான் வரும். பழைய சோற்றுக்கு ஐந்து பேருக்கும் அது காணும், ஏனென்றால் ஒரு விரல் தொட்டாலே ஒரு கவளம் இறங்கிவிடும்.

பழைய சோறு முன்பு கணவருக்கு மட்டும்தான் இருந்தது. இப்போது மதியச் சோற்றில் மிஞ்சுவது, ஆறியதும் தண்ணீர் ஊற்றிவைக்கப்படுகிறது. இதில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். வடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் மணிக்கணக்கில் அடுப்படி வெக்கையில் வைத்திருந்து, ராத்திரியில் சுடவைத்துக் கொடுப்பது ஆபத்து. சோற்றில் வளரும் ஒரு வகைக் கிருமி விடும் நச்சு, திரும்பச் சுடவைத்தாலும் போகாது. வாந்தி பேதி வரும். ஆறிய உடனே தண்ணீர் ஊற்று, இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வை. நடுவில் விடாதே.

பருப்பும் ரத்தமும்

ரேஷனில் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய், ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய். 2007இல் தொடங்கிய சிறப்புப் பொது விநியோகம் இது. அந்த ஒரு கிலோ பருப்போடு கடையில் ஒன்றரைக் கிலோ வாங்கி மாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்குத் தினம் 85 கிராம் பருப்பு, பயறு என்கிறது. ஐந்து பேருக்கு அது மாதம் பன்னிரண்டு கிலோவைத் தாண்டும். இந்த வருமானத்தில் அங்கே போக முடியாது, போக முடியும் என்று சொல்லி அவர்களை வருத்தவும் நான் தயாராக இல்லை. ஆனால் இரண்டரையை ஐந்தாக்கலாம்.

துவரை விலை ஏறினால் துவரையைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. தட்டைப்பயறு, காணப்பயறு (கொள்ளு), மொச்சை, கறுப்புக் கொண்டைக்கடலை. ராத்திரியே ஊறப்போட்டுவிட்டால் குக்கரில் விசில் பாதியாகக் குறைகிறது, கேஸும் மிஞ்சுகிறது. காணப்பயறு வெந்த தண்ணீரில் ரசம், பயறைத் தாளித்துச் சுண்டல். சாம்பார் வைக்கும் நாளில் பருப்போடு ஒரு துண்டு பரங்கிக்காயை வேகவைத்து மசித்தால் குழம்பு கெட்டியாகும். பருப்பை இன்னும் நீர்க்கவிட வேண்டாம்.

மீல்மேக்கர் எடுபடவில்லை. மாமியார் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது கறியும் இல்ல, காயும் இல்ல" என்று தள்ளிவிட்டார். பிள்ளைகளும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். விட்டுவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமைக் கறியைக் குறைக்கலாமா என்று மருமகளே கேட்டார். வேண்டாம் என்றேன். வாரம் முழுக்க உழைக்கிற வீட்டுக்கு அது ஒரு நாள் சந்தோஷம், அதில் கை வைத்தால் மற்ற எல்லா ஏற்பாடும் ஒரு மாதத்தில் உதிர்ந்துவிடும். செய்த மாற்றம், வாரா வாரம் ஒரே கோழிக்கறி என்பதை மாற்றியது. ஒரு வாரம் அரைக் கிலோ கறியில் உருளைக்கிழங்கு சேர்த்துக் குழம்பு. ஒரு வாரம் சாளை மீன். ஒரு வாரம் கோழி ஈரல், அதுவும் கறியைவிட விலை குறைவு. ஆட்டுச் சுவரொட்டி, அதாவது மண்ணீரல், கிடைக்கிற அன்றைக்கு, அதை இரண்டு பெண்களுக்கும் மகளுக்கும் என்று ஒதுக்கிவைத்தார்கள். ரத்தம் குறைந்தவர்களுக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பது நம் ஊரில் எல்லோரும் அறிந்த வழக்கம். நம் வீடுகளில் அது பிள்ளை பெற்ற ஒரு மாதத்தோடு நின்றுபோகிறது.

கீரைக்குக் காசு தேவைப்படவில்லை. பின்வீட்டு முருங்கை தெருவில்தான் சாய்ந்திருக்கிறது. சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் ஒரு மணி நேரம் தள்ளிப்போடச் சொன்னேன், சாப்பாட்டில் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள டீ விடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நல்லது. இரும்புச்சத்து மாத்திரை சுகாதார நிலையத்தில் கொடுத்தார்கள், அதையும் சாப்பிடுகிறார். சாப்பாடு மட்டும் 9ஐ 12 ஆக்கிவிடும் என்று யாரும் நம்பியிருக்கக் கூடாது.

பையனுக்குப் பள்ளியிலேயே காலை உணவு உண்டு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியதே மதுரையில்தான், 2022 செப்டம்பர் 15. ஆனால் வெறும் வயிற்றோடு அனுப்ப மனம் வராமல் அம்மா வீட்டிலேயே இரண்டு இட்லி கொடுத்து அனுப்புவார், பையன் பள்ளியில் பொங்கலை ஒதுக்கிவிடுவான். இப்போது ஒரு டம்ளர் பால் மட்டும். அந்த இரண்டு இட்லி அம்மாவின் தட்டுக்குப் போகிறது.

சனிக்கிழமைச் சம்பளம்

மாதச் சாமான்களை மொத்தமாக வாங்குங்கள், மிச்சமாகும் என்று யாரும் சொல்லலாம். வாரச் சம்பள வீட்டில் ஒன்றாம் தேதி என்று ஒரு தேதியே கிடையாது. கையில் இருப்பது அந்த வாரக் காசு. அதனால்தான் சாம்பார்பொடி பத்து ரூபாய் பாக்கெட், எண்ணெய் கால் லிட்டர், டீத்தூள் சின்னப் பொட்டலம் என்று தினமும் தெருமுனைக் கடை. ஒவ்வொன்றும் சின்னக் காசு, கிலோ கணக்கில் பார்த்தால் ஏகப்பட்ட விலை. அவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. மொத்தமாக எடுக்க ஒரே நாளில் அவ்வளவு பணம் இல்லை.

ஆகவே மாதப் பட்டியலை நான்கு வாரத்துக்கு உடைத்தோம். ஒரு வாரம் எண்ணெய் மட்டும் மொத்தமாக. அடுத்த வாரம் உளுந்தும் பயறு வகையும். அதற்கடுத்த வாரம் டீத்தூள், சோப்பு, மிளகு சீரகம். உரிமைத் தொகை வரும் வாரம் சிலிண்டருக்கு எடுத்துவைப்பது. காய்க்கு அண்ணா நகர் உழவர் சந்தை. 1999 நவம்பர் 14இல் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையாகத் திறந்த இடம் அதுதான், நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது, இவர்கள் தள்ளுவண்டியில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். மாமியாருக்கு அங்கே போவது பிடித்துவிட்டது. விலைப்பலகையைப் பேத்தி படித்துச் சொல்ல, பார்த்து வாங்குகிறார். பீர்க்கங்காய் வாங்கினால் தோலில் துவையல், முள்ளங்கி வாங்கினால் இலையில் பொரியல், கொத்தமல்லியில் தழை குழம்புக்கும் தண்டு ரசத்துக்கும். இதையெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

புளியும் மிளகாயும்தான் வாரக் காசில் அடங்காதவை. மாசி, பங்குனியில் புதுப்புளி வருகிறது, குண்டு மிளகாயும் அதே சமயம் இறங்குகிறது. அப்போது வருடத்துக்கு வாங்கினால் விலையும் குறைவு, சரக்கும் நன்றாக இருக்கும். மாதக் கடைசியில் ஆயிரம் ஆயிரமாகக் கொடுத்துக்கொண்டிருந்த குழு, இந்தத் தடவை மாசியில் ஒரே கடனாக மூவாயிரம் கொடுத்தது. புளியைக் கொட்டை எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்பு தூவி ஜாடியில் அடைத்தார்கள். மிளகாயும் மல்லியும் வறுத்து மில்லில் அரைத்து வந்தார்கள். பாக்கெட் சாம்பார்பொடி நோட்டிலிருந்து மறைந்துவிட்டது.

எங்கே வந்து நிற்கிறது

மாவில் 700, அரிசியில் 480 அளவில், பொட்டலச் சாமான்களில் 400க்குள். கூட்டினால் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டுகிறது. ஆனால் பயறு, முட்டை, ஈரல் என்று புதிதாக 600 ரூபாய் வரை ஏறியிருக்கிறது. நிகரமாக ஆயிரம் ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. அவர்கள் மாதா மாதம் வாங்கிக்கொண்டிருந்த கடனும் ஏறத்தாழ அதுதான். சில மாதங்களாக 22ஆம் தேதிக் கடன் கேட்டு வரவில்லை. மருமகளின் ஹீமோகுளோபின் 10ஐத் தாண்டியிருக்கிறது. போதாது, மாத்திரை தொடர்கிறது. மாமியாருக்கு இப்போது ராத்திரியில் பசிக்கிறது, அதை வாய்விட்டுச் சொல்லவும் செய்கிறார்.

அந்த 600 ரூபாயைச் செலவழிக்காமல் மிச்சம் பிடித்திருக்கலாமே என்று குழுக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பிடித்திருக்கலாம். அது பழையபடி அந்த இரண்டு தட்டிலிருந்துதான் வந்திருக்கும் என்று பதில் சொன்னது மருமகளேதான்.

வேலை கூடியதை மறைக்கக் கூடாது. அரைப்பது, ஊறப்போடுவது, சந்தைக்குப் போவது எல்லாம் நேரம். அது முழுக்க மருமகள் தலையில் விழுந்திருந்தால் தையல் வருமானம் அடிபட்டிருக்கும். மாமியார் குழம்பையும் சந்தையையும் எடுத்துக்கொண்டார், மகள் நோட்டை விடவில்லை, கணவர் ஞாயிறும் புதனும் கிரைண்டர் கழுவுகிறார். கல்லைத் தூக்குவது இனி அவர் பொறுப்பு.

ஜூன் மாதம் மட்டும் இன்னும் பிடிபடவில்லை. புத்தகமும் சீருடையும் பள்ளியில் கிடைத்தாலும் நோட்டு, பை, செருப்பு, மகளின் டியூஷன் முன்பணம் என்று ஒரே வாரத்தில் வந்து நிற்கிறது, அந்த மாதம் கடன் வாங்கினார்கள். எந்தக் குழம்பைச் சுண்டவைத்தும் அந்தத் தொகையைத் தேற்ற முடியாது. தீபாவளிச் சீட்டு போல ஆடியில் தொடங்கி வைகாசியில் முடிகிற பள்ளிச் சீட்டு ஒன்று போடலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச வைத்திருக்கிறோம். வாரம் ஐம்பது ரூபாய் என்றால் எத்தனை பேரால் முடியும் என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.